முறைசார் மீளாய்வும் மொழியெல்லையும்
பொறியியற் கல்வியாய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

பொறியியற் கல்வி பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடும் முறைகுறித்து மௌரா பொறெகோ, மார்கிறெற் பொஸ்ரர், ஜெப்ரி புறொயிட் ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, அத்துறையினர் வழிகாட்டியாகக் கொள்ளும் ஒன்றாகும். மருத்துவத்துறையில் ஆச்சி கொக்கிரேனின் 1972ஆம் ஆண்டு நூலுக்குப் பின் வலுப்பெற்று, 1993இல் அவர் பெயரால் எழுந்த அமைப்பின் மூலம் நிலைபெற்ற முறையினை, வளர்ந்துவரும் ஒரு கல்வித்துறைக்கு ஏற்பத் தழுவியமை இவர்கள் செய்த பணி. மூவருள் பொஸ்ரர் ஒரு நூலகர் என்பது கருதத்தக்கது. நூல் தேடுதலும் தனித்த ஒரு புலமையே என்பதை நமது பல்கலைக்கழகங்கள் இன்னும் மனங்கொள்ளவில்லை.

இம்முறையின் உயிர்நிலை கணக்குக் காட்டுதல் ஆகும். வினா முன்கூட்டியே வரையறுக்கப்படும். எவை சேர்க்கப்படும், எவை விலக்கப்படும் என்ற விதிகள் எழுதிவைக்கப்படும். எத்தளத்தில் எச்சொற்களாற் தேடப்பட்டது, எத்தனை கிடைத்தன, அவற்றுள் எத்தனை எக்காரணத்தால் தள்ளப்பட்டன என்பன வாசகர்முன் வைக்கப்படும். தாம் விரும்பிய நாலைந்து நூல்களைச் சுட்டிவிட்டு அதனையே முன்னாய்வு என்று தலைப்பிடும் நம்மவர் வழக்கத்திற்கு இது நல்ல மருந்து.

எனினும் தொகுப்புமுயற்சி தமிழருக்குப் புதியதன்று. புத்தளக் கரையின் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807-1860) 1834இல் இலங்கை இடவிளக்க அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னையது 'தமிழ் புளூராக்' எனப்படும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 1886ஆம் ஆண்டுப் பாவலர் சரித்திர தீபகம் போன்ற பின்னைய முயற்சிகளுக்கு அது முன்னோடி. ஆயின் செவிவழிக் கதைக்கும் ஏட்டுச் சான்றுக்கும் இடையே அவர் கோடு கிழித்தாரல்லர். யாரை ஏன் விடுத்தார் என்றும் முறையாகக் கூறினாரல்லர். பொறெகோ குழுவினர் விதித்த ஒழுங்கு அவரிடம் இருந்திருப்பின், புலவர் காலம்பற்றிய எத்தனையோ வீண்வாதம் நமக்கு மிச்சமாகியிருக்கும்.

இனி இம்முறையின் குறைபாட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அமைந்த கட்டுரைகள் மட்டும் கொள்ளப்பட்டன என்னும் ஒற்றைவரி பல மீளாய்வுகளிற் காணப்படுவது. விலக்கியதை ஒளியாமற் கூறியது நேர்மைதான். ஆனால் கூறிவிட்டதனால் இழப்பு நீங்கிவிடுமா? கற்பிட்டியிலோ உடப்பிலோ தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்று, ஆங்கிலத்திற் பொறியியல் பயிலப் புகும் மாணவன் எங்கு இடறுகின்றான் என்பது நமது வினாவாயின், அவனைப் பற்றிய சான்றுகள் முதற் சல்லடையிலேயே சிந்திவிடும். அவனது ஊருக்கு அருகே நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கின்றது. அதனை இயக்கும் கல்விக்குள் அவன் புகும் பாதை மட்டும் ஆய்வுலகின் கண்ணிற் படுவதில்லை.

இது வெறும் நுணுக்கவாதமன்று. 1970இல் பேராதனைப் பொறியியற்பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. பல மாற்றங்களின் பின் இன்று 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. அவற்றுட் புத்தளமும் ஒன்று. இம்முறை ஒருவனைப் பீடத்துக்குள் கொணர்ந்தபின் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராயாது, பங்கீடு நன்றென்றோ தீதென்றோ வழக்காடுவதிற் பயனில்லை. அவ்வாய்வுக்கான முதற்பொருள் ஆணைக்குழு அறிக்கைகளிலும், மாணவர் சங்க வெளியீடுகளிலும், பாடசாலை விழா மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றது.

விழா மலர்க் கட்டுரைக்குத் தரமுண்டா என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஓர் ஆசிரியரின் நினைவுக்குறிப்பைக் கொண்டு ஒரு கற்பித்தல் முறையின் பயனை அளக்க இயலாது. அத்தகைய முடிபுக்கு அதனைச் சான்றாக்குவோர் முறையையே கெடுப்பர். ஆனால் எவ்வினா கேட்கப்படவேண்டும் என்பதை அறிதற்கு அதுவே சிறந்த வாயில். பயனை அளக்கும் சான்றுக்கு ஓர் உரைகல்லும், இடர்ப்பாட்டை விளக்கும் சான்றுக்கு வேறோர் உரைகல்லும் வேண்டும். இவ்வேறுபாடு மேற்குறித்த கட்டுரையில் இன்னும் விரிவு பெற்றிருக்கலாம் என்பது எமது கருத்து.

தேடுதற்கு இடமில்லை என்றும் இனிக் கூறவியலாது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிமக் களஞ்சியத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் மலர்களும் பெருந்தொகையாக உள்ளன. ஆயின் தேடுசொற் பட்டியலைத் தமிழிலேயே வகுத்தல் வேண்டும். 'பொறியியல்' என்று மட்டும் தேடுபவன் 'எந்திரவியல்' என்று எழுதியோரை இழப்பான். 'பொறியியலாளர்' என்று தேடுபவனுக்கு 'எந்திரி' அகப்படார். இரு வழக்குகளும் இலங்கையில் அருகருகே நிலவியவை. ஆங்கிலச் சொல்லொன்றை மொழிபெயர்த்துத் தேடுதல் இங்கே போதாது. கலைச்சொல் வரலாறு அறிந்த ஒருவர் மீளாய்வுக் குழுவில் நூலகருக்கு அருகே அமர்தல் வேண்டும்.