ஈர நோட்டும் விளையாட்டுப் பெட்டியும்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு மானிட்டர், பிளைவுட் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், பொத்தான்களைக் கீபோர்டு விசைகளாக மாற்றித் தரும் சின்ன என்கோடர் போர்டு, பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும், 1997இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவரும் ‘மேம்’ மென்பொருள். வீட்டில் ஆர்கேட் பெட்டி செய்ய இவ்வளவு போதும். தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடையில் வரிசையில் நின்று ‘முஸ்தபா’ ஆடிய பிள்ளைகள் இன்று அப்பாக்கள். கேப்காம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ ஆட்டத்துக்கு நம் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அந்த அப்பாக்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்காகப் பெட்டி செய்கிறார்கள். பெட்டி ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை வருகிறது: பணம் போட்டால்தான் ஆட்டம் தொடங்க வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளைப் படத்தில் பார்த்தவருக்கு, நோட்டை இழுத்துக்கொள்ளும் பில் அக்செப்டரே வேண்டும் என்றும் தோன்றுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடியப்பட்டணத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ஒரு வீட்டின் முன்னறையில், அது சரிப்படுமா?

முதலில் அதற்குச் சாதகமானதைச் சொல்லிவிட வேண்டும். இணைப்பு கடினமானதல்ல. பெரும்பாலான அக்செப்டர்கள் 12 வோல்ட்டில் ஓடும்; கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மஞ்சள் கம்பி அதைத் தருகிறது, கறுப்பு கிரவுண்டு. நோட்டை ஏற்றுக்கொண்டதும் அக்செப்டர் ஒரு சுவிட்சைத் தட்டிவிடுவதுபோல் பல்ஸ் அனுப்பும். 10 ரூபாய்க்கு ஒரு பல்ஸ் என்று வைத்தால் 50 ரூபாய்க்கு ஐந்து. அந்தக் கம்பியை என்கோடரின் காயின் முனையில் சேர்த்தால், மேம் அதைக் கீபோர்டின் 5ஆம் எண் விசை அழுத்தப்பட்டதாக எடுத்துக்கொண்டு கிரெடிட்டைக் கூட்டும். திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படுவதால், 50 மில்லி வினாடி நீளமுள்ள பல்ஸ் மூன்று ஃபிரேம் வரை நிற்கும், தவறிப்போகாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். என்கோடர் 5 வோல்ட்டில் வேலை செய்வது; அக்செப்டரின் சிக்னல் கம்பியில் 12 வோல்ட் ஏறிவந்தால் போர்டு போய்விடும். நடுவில், சிக்னலை ஒளியால் மட்டும் கடத்தும் பி.சி.817 போன்ற ஓர் ஆப்டோகப்ளர் வைத்தால் அந்தப் பயம் இல்லை.

ஆகவே ‘கஷ்டம், வேண்டாம்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிக்கல் கம்பியில் இல்லை, கம்பி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது.

பழைய ஆர்கேட் இயந்திரத்தில் பெட்டி முழுவதும் ஒரே ஆட்டம். போட்ட காசு அந்த போர்டிலேயே கணக்காகும். வீட்டுப் பெட்டியில் நூறு ஆட்டங்கள் உண்டு. எதை ஆடுவது என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் திரையும் உண்டு. அந்தத் திரை ஓடும்போது பிள்ளை 50 ரூபாயைச் செருகினால் ஐந்து பல்ஸ் வரும், 5ஆம் விசை ஐந்து முறை அழுத்தப்படும், அதை வாங்கிக்கொள்ள எந்த ஆட்டமும் ஓடிக்கொண்டிருக்காது. நோட்டு உள்ளே போய்விட்டது, கிரெடிட் இல்லை. ஆட்டத்துக்குள் போட்டாலும், மூன்று கிரெடிட் மீதமிருக்க வெளியே வந்து வேறு ஆட்டத்துக்குப் போனால் அந்த மூன்றும் கணக்கில் வராது. காசு கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்லாத இயந்திரத்தை, அது தன் வீட்டுப் பிள்ளையின் காசாகவே இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு வழி உண்டு. ஆர்டுவினோ லியோனார்டோ போர்டு தன்னைக் கீபோர்டாகவே கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொள்ளும். பல்ஸ்களை அது எண்ணி வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக விடலாம். ஆட்டம் ஓடாத நேரத்தில் அக்செப்டரின் இன்ஹிபிட் கம்பி வழியாக நோட்டு வாங்குவதையே நிறுத்தி வைக்கலாம். இன்னும் நல்லது, பல்ஸை விட்டுவிட்டு சீரியல் முறையில் பேசும் அக்செப்டர். எஸ்க்ரோ வசதி உள்ள சீரியல் அக்செப்டர் நோட்டைப் பாதியில் பிடித்துக்கொண்டு ‘வாங்கட்டுமா, திருப்பட்டுமா?’ என்று கம்ப்யூட்டரிடம் கேட்கும். பல்ஸ் முறையில் அந்தக் கேள்வி இல்லை, விழுங்கியபின் தகவல் மட்டும்தான். வைப்பதானால் இந்த வகையைத்தான் வைக்க வேண்டும். ஆனால் இரண்டு கம்பி வேலை என்று தொடங்கியது இப்போது நிரல் எழுதும் வேலையாகிவிட்டது.

இதையெல்லாம் செய்துமுடித்தாலும் எதிரே நிற்பது நம் நோட்டு. அமெரிக்க டாலர் நோட்டு எந்த மதிப்பானாலும் ஒரே அளவு. 1929க்குப் பின் அந்த அளவு மாறவில்லை. ஒரு டாலர் நோட்டின் வடிவமே 1963 முதல் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அங்கே ஒரு டாலர் நாணயம் வேரூன்றவில்லை, அதனால் நாலு குவார்ட்டருக்குச் சமமான அந்த நோட்டுதான் சில்லறைபோலப் புழங்குகிறது. பில் அக்செப்டர் அந்தப் பழக்கத்தில் பிறந்த கருவி. நம்மிடம் கதை தலைகீழ். 1, 2, 5 ரூபாய்கள் நாணயமாகிவிட்டன. 10 ரூபாய்க்கும் நாணயம் உண்டு, 2020இல் 20 ரூபாய் நாணயமும் வந்தது. ஓர் ஆட்டத்துக்குத் தகுந்த தொகை நம் ஊரில் காசாகத்தான் கையில் இருக்கிறது.

நோட்டுகளோ அளவிலேயே சண்டையிடுகின்றன. 2018இல் வந்த புதிய 10 ரூபாய் 123க்கு 63 மில்லிமீட்டர். அதே மதிப்புள்ள பழைய நோட்டு 137க்கு 63, இன்னும் செல்லுபடியாவது. பழைய 100 ரூபாய் 157க்கு 73, ஊதா நிறத்தில் வந்த புதியது 142க்கு 66. 66 மில்லிமீட்டர் வாய் வைத்தால் பழைய நூறு நுழையாது. 73க்கு வைத்தால் 63 அகலமுள்ள பத்து ரூபாய் உள்ளே கோணலாகப் போகும். அதை நடுவுக்குக் கொண்டுவரும் அமைப்புள்ள அக்செப்டர் விலை கூடியது. அக்செப்டரின் நினைவகத்தில் உள்ள, நோட்டை அடையாளம் காணும் தகவல் நாட்டுக்கு நாடு வேறு. டாலருக்கு என்று வந்த பழைய அக்செப்டரை மலிவாக வாங்கினால் அதற்கு ரூபாயே தெரியாது. புதிய நோட்டு வரும்போதெல்லாம் அந்தத் தகவலையும் புதுப்பிக்க வேண்டும். 2016 நவம்பரில் 166க்கு 66 அளவில் 2000 ரூபாய் வந்தபோது நாட்டின் ஏறத்தாழ 2 லட்சம் ஏ.டி.எம்.களை ஆள் போய்த் திறந்து மாற்றியமைக்க வேண்டியிருந்ததை நாம் வரிசையில் நின்று பார்த்தோம். வங்கிக்கு அதற்கு ஆள் உண்டு. வீட்டுப் பெட்டிக்கு யார் வருவார்கள்?

இனி ஊருக்கு வருவோம். இங்கே கையில் புழங்கும் நோட்டு, ஏலம் முடிந்த கடற்கரையில் நனைந்த கையிலிருந்து நனைந்த கைக்கு மாறியது, மீன் விற்கப் போகும் பெண்களின் மடியில் நாலாக மடிந்து வியர்வையில் ஊறியது. நம் நோட்டுத்தாள் முழுக்கப் பருத்தி. அது ஈரத்தைக் குடிக்கும், துவளும், ஓரம் சுருளும். அக்செப்டரோ விறைப்பான நோட்டை எதிர்பார்த்து ரோலரில் பிடித்து, ஒளியை ஊடுருவச் செய்து படிக்கிறது. துவண்ட நோட்டு வாயிலேயே மடிந்து நிற்கும். எண்ணெயும் செதிலும் ஒட்டியது ஒளியைத் தப்பாகக் காட்டும். நல்ல நோட்டையும் அது துப்பும். இந்த ஊர் நோட்டின் குற்றம் அதன் உழைப்பு மட்டும்தான்.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது உப்புத் துளி வீட்டுச் சன்னல் கம்பியைத் தின்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அக்செப்டரின் கண்ணாடியில் அதே உப்பு மெல்லிய படலமாகப் படியும், கனெக்டர் முனைகளில் பச்சை பூக்கும். மணலும் சாதாரண மணல் அல்ல. பக்கத்து மணவாளக்குறிச்சியில் அரசு ஆலையே வைத்துக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் இல்மனைட் கலந்த கருமணல் இது. காந்த உணரி உள்ள அக்செப்டருக்குள் நோட்டோடு அந்தத் தூள் போவது நல்லதல்ல.

காசு போடும் பொறிக்கும் உப்பும் மணலும் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அதில் ரோலர் இல்லை, பெல்ட் இல்லை, மோட்டார் இல்லை. காசு தன் எடையால் விழுகிறது, ஒரு காந்தச் சுருள் அதன் உலோகத்தை அளக்கிறது. திறந்து ஊதித் துடைத்தால் மறுபடி ஓடும். நனைந்த காசு காசாகவே இருக்கிறது. இதற்கும் குறை இல்லாமல் இல்லை. 10 ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்தது. கடைகளும் பேருந்துகளும் வாங்க மறுத்த கொடுமை தமிழ்நாட்டில் வெகுகாலம் நடந்தது. பொறிக்கு மாதிரி காட்டிக் கற்றுக்கொடுக்கும்போது ஒரே வடிவத்தைக் காட்டாமல் பலவற்றையும் காட்ட வேண்டும். 20 ரூபாய் நாணயமும் 27 மில்லிமீட்டர்தான். அதைப் பத்தாக எண்ணுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட வேண்டும். இது ஒரு மாலை நேரத்து வேலை. கடைக்காரர் மறுத்த பத்து ரூபாய்க் காசை ஒரு விளையாட்டுப் பெட்டி மரியாதையாக வாங்கிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூர்க் காசு எண்ணிய மண் இது, காசின் ஓசைக்கு இங்கே பழக்கமும் உண்டு.

கியூ.ஆர். ஒட்டினால் இரண்டும் வேண்டாமே என்பது அடுத்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. நோட்டைப் போட்டுச் சில்லறை பெறும் இயந்திரத்துக்குப் பதிலாக, யு.பி.ஐ. வழியே பணம் கட்டிச் சில்லறை பெறும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதிக்கப்போவதாக ரிசர்வ் வங்கியே 2023 பிப்ரவரியில் அறிவித்தது. நோட்டை இயந்திரம் சோதித்துப் பார்க்கும் தொல்லையே அதில் இல்லை. நோட்டை அச்சிடச் சொல்பவர்களே எடுத்த அந்த முடிவைப் பில் அக்செப்டருக்கு எதிரான வலுவான சாட்சியாக நான் கொள்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் போன் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தன் பிள்ளையின் காசை உண்டியல்போலச் சேர்ப்பது ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்குவது வேறு. வீடியோ கேம் நடத்த உரிமம் வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்துவது செல்லும் என்று 1995இல் எம்.ஜே.சிவானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டு வாங்கும் வாய் வைத்த பெட்டி, வைத்தவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், கடையாகத் தெரியும்.

பில் அக்செப்டர் ஆளில்லாத இடத்துக்கான கருவி. சென்னை கோயம்பேட்டில் 10 ரூபாய் வாங்கிக்கொண்டு மஞ்சப்பை தரும் இயந்திரம் 2022இல் நிறுவப்பட்டது. அங்கே பையை எடுத்துக்கொடுக்க யாரும் நிற்பதில்லை, அதனால் இயந்திரம் பணம் வாங்குவதில் பொருள் உண்டு. உரிமம் பெற்று மணவாளக்குறிச்சிச் சந்திப்பில் கடை நடத்துபவர் எஸ்க்ரோ உள்ள சீரியல் அக்செப்டர் வைத்தால், மாதம் ஒருமுறை துடைக்க ஆள் வைத்தால், நான் மறுக்கமாட்டேன். கடியப்பட்டணத்து வீட்டுக்கு வேண்டாம். அங்கே 10 ரூபாய் நாணயத்துக்கு மட்டும் பழக்கிய காசுப் பொறி, அதன் கீழே பூட்டுப் போட்ட தகர டப்பா, பெட்டியின் பின்புறம் 5ஆம் விசைக்கு ஒரு பொத்தான், இவை போதும். கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் முடிந்து கரையேறிய மாமா நனைந்த ஐம்பது ரூபாயை நீட்டினால், பிள்ளை அதை வாங்கித் தகரத்தில் போட்டுவிட்டுப் பொத்தானை ஐந்து முறை அழுத்தட்டும்.