கடனில் நடந்த போர்: ஒரு நூல் மதிப்பீடு

போரின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது வழக்கம். எப்போது கொடுக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. இவ்விரண்டாம் கேள்வியை முன்னிறுத்தும் நூல், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், லிண்டா பில்ம்ஸ் ஆகிய இருவரும் எழுதி 2008-ல் வெளிவந்த ‘மூன்று டிரில்லியன் டாலர் போர்’ என்பதாகும். முன்னவர் 2001-ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். பின்னவர் ஹார்வர்டில் அரசு நிதி குறித்துக் கற்பிப்பவர். நூலின் பொருள், 2003 மார்ச்சில் அமெரிக்கா தொடங்கிய ஈராக் போர்.

போருக்கு முன் அரசுத் தரப்பில் கூறப்பட்ட செலவு 5,000 முதல் 6,000 கோடி டாலர். 10,000 முதல் 20,000 கோடி வரை ஆகலாம் என்று 2002-ல் சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, அவ்வாண்டின் இறுதியிலேயே பதவியை விட்டு விலக நேர்ந்தது. நூலாசிரியர் காட்டும் தொகையோ மூன்று இலட்சம் கோடி டாலர். படைக்கலச் செலவோடு நில்லாமல், காயமுற்றுத் திரும்பிய வீரரின் வாழ்நாள் மருத்துவம், ஊன உதவித்தொகை, கடனுக்கான வட்டி, நாட்டின் பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதே இவ்வேறுபாட்டின் காரணம். இது மிகைப்படுத்தல் அன்று. 1865-ல் முடிவுற்ற அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான ஓய்வூதியம், வீரர் ஒருவரின் மகளுக்கு 2020 வரை வழங்கப்பட்டு வந்தது. துப்பாக்கி ஓய்ந்த பின்னும் கணக்கு முடிவதில்லை.

நூலின் உயிர்நாடி கடனைப் பற்றிய பகுதியே. கொரியப் போரின்போது ட்ரூமன் அரசு வரிகளை உயர்த்தியது. வியட்நாம் போரின் நடுவில், 1968-ல், வருமான வரியின்மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஈராக் போரிலோ, படை நுழைந்த இரண்டே மாதங்களில், 2003 மே மாதத்தில், வரி குறைக்கப்பட்டது. 2001 தொடக்கத்தில் 5.7 இலட்சம் கோடி டாலராயிருந்த தேசியக் கடன், 2008 செப்டம்பரில் ஏறத்தாழ 10 இலட்சம் கோடியாயிற்று. இவ்வளவும் போரால் வந்ததன்று. எனினும் போர் கடனிலேயே நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கட்டாயப் படைச்சேவையும் 1973-லேயே நின்றுவிட்டமையால், பெரும்பாலான குடிமக்களிடம் பணமும் கேட்கப்படவில்லை, பிள்ளைகளும் கேட்கப்படவில்லை. வரி செலுத்துகிறவன் ‘எதற்காக?’ என்று வினவுவான். கடன் அவ்வினாவை எழவொட்டாமல் செய்கிறது. வாக்களிக்க வயது வராத பிள்ளைகள் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். பிதாக்கள் தின்ற காயினால் பிள்ளைகளின் பற்கள் கூசுவதைப் பற்றிய பழமொழியை எசேக்கியேல் (18-ஆம் அதிகாரம்) இறைவனின் நீதிக்குப் பொருந்தாதென்று தள்ளினார். அரசின் நிதிநிலை அறிக்கை அதனையே முறையாக்கிக் கொள்கிறது.

இனிக் குறைகள். எண்ணெய் விலையேற்றத்தில் ஐந்து முதல் பத்து டாலர் வரை போரின் விளைவு என ஆசிரியர்கள் கொள்வது உறுதியற்றது. அவ்வாண்டுகளில் சீனா, இந்தியா முதலிய நாடுகளின் தேவையும் பெருகியிருந்தது. அடுத்து, மாண்ட வீரர் ஒருவருக்கு அரசுக் கணக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலர் மட்டுமே காட்டுவதைக் கண்டித்து, அவர்கள் எழுபது இலட்சத்துக்கு மேல் மதிப்பிடுகின்றனர். அரசின் கஞ்சத்தனத்தை அது வெளிப்படுத்துகிறது; ஆயினும் தலைப்பிலுள்ள தொகையில் ஈராக்கியரின் உயிர் இடம்பெறவில்லை. தனி அதிகாரமொன்றில் அவர்களது அழிவு பேசப்படுவது மெய்தான். ஆனால் வாசகர் நினைவில் நிற்பது தலைப்புத் தொகையே.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. செலவை மட்டும் காட்டிப் போரை எதிர்ப்பவர், செலவில்லாத போரைக் குறித்து என்ன சொல்வார்? 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் ஏறத்தாழ 6,100 கோடி டாலர் செலவில் பெரும்பகுதியைச் சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளே ஏற்றன. அமெரிக்க வரிசெலுத்துவோருக்கு அது மலிவான போர். அது நீதியானதா அன்றா என்பதை இக்கணக்கு முறை சொல்லவியலாது. போருக்குமுன் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் அரசனை இயேசு உவமையில் காட்டினார் (லூக்கா 14:31). அங்கு எண்ணிக்கை விவேகத்தின் தொடக்கமேயன்றி, நீதியின் முழு அளவுகோல் அன்று.

எனினும் நூலாசிரியர் முன்வைக்கும் சீர்திருத்தங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் போரின் செலவை, அவசர நிதியாலும் கடனாலும் அன்றி, அன்றைய வரிசெலுத்துவோரே தனி வரியாக ஏற்கவேண்டும் என்பது. ஏழைகள்மேல் அது பாரமாகாதா என்று கேட்கலாம். பாரத்தைப் பங்கிடும் முறையால் அதனைத் தவிர்க்க இயலும். மறைந்திருக்கும் கடனைத் தவிர்க்க வழியில்லை. ராஜாவின் வரிக்காகத் தங்கள் நிலங்களின்மேல் கடன் வாங்கினவர்களின் கூக்குரலை நெகேமியா (5:4) கேட்டபோது, அது மறைவாயிராததனாலேயே அவரால் செயற்பட முடிந்தது.

சமூக ஒழுக்கவியல் கற்பிப்போரும் கற்போரும் இந்நூலைக் கையில் எடுக்கவேண்டும். அமைதியைக் குறித்துப் பிரசங்கிக்கும் போதகர், நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வது அதற்கான ஆயத்தத்தின் ஒரு பகுதியே.