மெக்டொனால்ட் உட்கார்ந்த கல்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், யோஹோ தேசியப் பூங்காவின் உயரத்தில் இருக்கிறது ஓஹாரா ஏரி. அங்கே போகிறவர்கள் சிகரங்களைப் பார்க்கப் போகிறார்கள். லெஃப்ராய், விக்டோரியா, ஹங்கபீ என்று அண்ணாந்து பார்க்க அங்கே குறைவே இல்லை. பட்ரிஷியா குக்மன், ஸ்டான்லி மன் இணையர் அந்த மலைகளில் பல ஆண்டுகள் நடந்தது வேறொரு தேடலுக்காக. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஜே.ஈ.எச். மெக்டொனால்ட் என்ற ஓவியர் எந்தெந்தப் பாறையில் உட்கார்ந்து தீட்டினார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். 2024-இல் அவர்கள் கொண்டுவந்த நூல் அந்த நடையின் விளைச்சல்.

மெக்டொனால்ட் 1873-இல் இங்கிலாந்தின் டர்ஹமில் பிறந்து, பதினான்கு வயதில் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவர். பிழைப்புக்கு விளம்பர வடிவமைப்பு. எழுத்துக்கலையில் தேர்ந்த கை. 1920-இல் உருவான கனடிய ஓவியர்களின் ‘எழுவர் குழு’வின் மூத்த உறுப்பினர். 1924-இல் முதன்முறையாக ஓஹாராவுக்கு வந்தார். பிறகு 1930 வரை, தான் கற்பித்த கல்லூரியின் விடுமுறைகளில், மறுபடி மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்தார். இந்தப் பிடிவாதத்தை முதலில் கவனிக்க வேண்டும். ராக்கி மலைத்தொடர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்க, அவர் நடந்தே போய்த் திரும்பக்கூடிய ஒரு சின்னப் பள்ளத்தாக்கைத் தேர்ந்துகொண்டார். ஒரே ராகத்தை ஆண்டுக்கணக்கில் பாடித் தீராத வித்வானைப் போல, அதே ஏரி, அதே பாறைகள், அதே லார்ச் மரங்கள்.

அவர் அங்கே தீட்டியவை சிறிய அட்டைகள். பெரும்பாலும் சுமார் 21 சென்டிமீட்டருக்கு 27 சென்டிமீட்டர். மடியில் வைத்துக்கொள்ளும் பெட்டி ஒன்று. திறந்த மூடிதான் அட்டையைத் தாங்கும் சட்டம், அடித்தட்டில் எண்ணெய் வண்ணங்கள். மலையில் ஒளி ஒரே நிலையில் நிற்காது, மேகம் வந்து போகும், செப்டம்பரில் பனியும் பெய்யும். திருத்தி அழகுபடுத்த நேரமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு தீற்றலும் முடிவான தீற்றல். அந்த அட்டைகளில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டியான வண்ணத்தில் தூரிகை மயிர்களின் தடம் வரி வரியாகப் பதிந்திருக்கும். இரண்டு தீற்றல்களுக்கு இடையே அட்டையின் பழுப்பு நிறம் அப்படியே விடப்பட்டிருக்கும்; இரண்டடி பின்வாங்கினால் அந்தப் பழுப்பே பாறையின் நிழலாகிவிடும். பூசாத இடத்தையும் வேலை வாங்குகிற இந்தச் சிக்கனம், எழுத்துக்களுக்கு இடையில் வெற்றிடம் விட்டுப் பழகிய கையிலிருந்து வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஓவியர் உட்கார்ந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சிகரத்தை நம்பினால் நடக்காது. தொலைவில் இருக்கும் சிகரம், நாம் நூறு அடி நகர்ந்தாலும் கிட்டத்தட்ட அதே உருவத்தில்தான் தெரியும். இடத்தைக் காட்டிக்கொடுப்பது முன்னால் கிடக்கும் கல். பக்கத்துப் பாறையின் விளிம்பு பின்னாலுள்ள மலைமுகட்டை எந்தப் புள்ளியில் வெட்டுகிறது என்று பார்த்து, இடப்பக்கம் இரண்டடி, கீழே ஓர் அடி என்று நகர்ந்துகொண்டே வந்தால், ஒரு கணத்தில் கோடுகள் எல்லாம் பொருந்தும். ஓஹாராவைச் சுற்றிக் கிடப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸைட் பாறைகள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடினக் கல். நூறு ஆண்டு மழையும் பனியும் அவற்றின் விளிம்பை அதிகம் மழுக்கிவிடவில்லை. மரங்கள் வளர்ந்து பார்வையை மறைத்திருக்கும்; மேலே பனியாறுகள் சுருங்கிவிட்டன. கல் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

அப்படிப் பொருத்திப் பார்க்கும்போதுதான் மெக்டொனால்டின் உண்மையான திறமை பிடிபடுகிறது. கற்பனையில் கூட்டிச் சேர்த்தவை என்று தோன்றும் ஊதாவும் செங்காவியும் அந்தப் பாறைகளிலேயே இருக்கின்றன. லைக்கன் படர்ந்த கறுப்பு, இரும்புக் கறையின் ஆரஞ்சு எல்லாமும்தான். ஏரியின் பச்சையும் மிகையல்ல. பனியாறு அரைத்த நுண்ணிய கல்மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. செப்டம்பரில் லார்ச் மரங்கள் பொன்னாகிவிடும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம். அந்தப் பொன்னிறத்தை அவர் ஒருபோதும் படம் முழுக்க அள்ளிப் பூசவில்லை. சாம்பல் நிறப் பாறைச்சரிவின் நடுவில் நாலைந்து தொடுகை, அவ்வளவுதான். ஓவியரின் கலை எல்லாம் எங்கே உட்காருவது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்ற தேர்வில் இருக்கிறது. இதை நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வழியில்லை. நடந்த இருவர் தெரிந்துகொண்டார்கள்.

டொராண்டோ திரும்பியபின் அவர் இந்த அட்டைகளிலிருந்து பெரிய திரைச்சீலை ஓவியங்களும் வரைந்தார். ஒன்டாரியோ ஓவியக்கூடத்தில் இருக்கும், ஓஹாராவுக்கு மேலே உள்ள ஓயேசா ஏரியைக் காட்டும் ‘மலைத் தனிமை’ 1932-ஆம் ஆண்டுப் படைப்பு. கம்பீரமானது, ஒழுங்கானது. ஆனாலும் வடிவமைப்பாளரின் மூளை அங்கே ஓவியரின் கண்ணை முந்திவிடுகிறது. காற்று நின்றுபோகிறது. அந்தச் சின்ன அட்டைகளில் காற்று வீசுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அட்டைகளையே வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் மெக்டொனால்ட் காலமானார்.

இந்த ஏரிக்கரைக்கு ஓவியத்தின் பேரில் வந்த இன்னொரு தம்பதியும் உண்டு. பான்ஃப் நகரில் பிறந்த பீட்டர் ஒயிட்டும், மாசசூசெட்ஸின் கான்கார்டில் வளர்ந்த கேதரினும் பாஸ்டனில் ஓவியம் பயிலும்போது சந்தித்து, 1930-இல் மணந்துகொண்டவர்கள். அதே ஆண்டு ஓஹாராவில் மெக்டொனால்டோடு சேர்ந்து தீட்டினார்கள். பின்னாளிலும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒரே காட்சியை இருவரும் தீட்டுவது அவர்கள் வழக்கம். அவர்கள் தொடங்கிவைத்த அறக்கட்டளையிலிருந்து வந்ததுதான் பான்ஃபில் 1968-இல் திறக்கப்பட்ட ஒயிட் அருங்காட்சியகம்.

மெக்டொனால்ட் காலத்தில் ஹெக்டர் ரயில் நிலையத்தில் இறங்கி, குதிரையிலோ கால்நடையாகவோ ஏரிக்கு ஏற வேண்டும். இன்று 11 கிலோமீட்டர் மண்சாலையில் பேருந்து போகிறது; சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏரியிலிருந்து ஓயேசாவுக்கு 3.2 கிலோமீட்டர், சுமார் 240 மீட்டர் ஏற்றம். அந்த வழியில் பெரிய கற்பலகைகளைப் படிகளாகப் பதித்தவர் லாரன்ஸ் கிராசி, இத்தாலியில் பிறந்து கான்மோர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஓவியர் போன காலத்தில் அந்தப் படிகள் இல்லை. ஏறுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்தக் கல்வேலையையும் பார்க்க வேண்டும். கற்கள் ஆடாமல், வழுக்காமல், தண்ணீர் தேங்காமல் உட்கார்ந்திருக்கின்றன.

பேருந்தில் இடம் கிடைப்பது எளிதல்ல. குலுக்கலில்தான் பெரும்பாலான இடங்கள் போகின்றன. பனி விலகி மலைப்பாதைகள் தெளிய ஜூலை ஆகிவிடும், லார்ச் பொன்னிறம் பார்க்க செப்டம்பர் பிற்பாதி. போக வாய்க்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. மெக்டொனால்டின் அட்டை ஏ4 தாளைவிடச் சற்றே சிறியது. அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் ஓஹாரா ஓவியம் ஒன்றை அதன் உண்மை அளவிலேயே அச்செடுத்து, முதலில் முகத்தருகே, பிறகு கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம்; மடியில் வைத்துத் தீட்டிய படம் அது.