வலியை யார் பார்த்துக்கொள்வது?

வல்லம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் ஒருவருக்குக் கால் முறிந்தால் குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. 108-ஐ அழைத்தால் திண்டிவனம் அரசு மருத்துவமனை. அங்கே முடியாவிட்டால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். இன்னொரு வழி, கட்டு. "புத்தூர் கட்டு கட்டப்படும்" என்ற பலகை வட தமிழ்நாட்டில் சின்னச் சின்ன ஊர்களில்கூடக் கண்ணில் படும்.

இந்தக் கட்டைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு அது முன்னோரின் அறிவியல், மற்றதற்கு அறியாமை. எலும்பு நேராகச் சேர்ந்ததா, கோணிக்கொண்டதா என்பதோடு இரு தரப்பும் நிறுத்திக்கொள்கின்றன. முறிந்த நாளுக்கும் எழுந்து நடக்கும் நாளுக்கும் இடையே ஒரு மனிதர் வலியோடு எப்படி இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கட்டின் பலமும் சரி, அதன் ஆபத்தும் சரி, அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

முதலில் கட்டைக் கிட்ட இருந்து பார்க்கலாம். வைத்தியர் முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே இழுக்க, எலும்பை இணக்குகிறார். அரைத்த பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, துணி சுற்றி, மேலே மூங்கில் பத்தைகளை வரிசையாக வைத்து நாடாவால் இறுக்குகிறார். சில நாள் கழித்து வரச்சொல்லி, பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டுகிறார். இப்படிச் சில கட்டுகள். இப்போது பலர் எக்ஸ்ரே கொண்டுவரச் சொல்கிறார்கள். மூல ஊரான புத்தூர், சென்னை–திருப்பதி சாலையில் நகரியைத் தாண்டி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே ராச்சபாளையத்தில் கேசவராஜு என்பவர் 1881இல் இதைத் தொடங்கியதாக அந்த வழியினர் சொல்லிவருகிறார்கள்.

இதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆங்கில எலும்பு மருத்துவமே கட்டுக்காரர் வீட்டிலிருந்து நிறையப் பெற்றிருக்கிறது. வேல்ஸ் நாட்டுக் கட்டு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து முறையாக மருத்துவம் படித்தவர் ஹியூ ஓவன் தாமஸ். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்களில் எத்தனையோ பேரைச் சாவிலிருந்து காப்பாற்றியது, அவர் பெயரில் இன்றும் வழங்கும் தாமஸ் பத்தை. அவர் காலத்திலேயே, 1867இல், லண்டனின் பெரிய அறுவை மருத்துவரான ஜேம்ஸ் பேஜெட் கட்டுக்காரர்கள் குணமாக்கும் நோயாளிகளைப் பற்றியே ஒரு விரிவுரை ஆற்றினார். அவர்களிடம் நல்லது எது, கெட்டது எது என்று மருத்துவர்கள் பிரித்துக் கற்க வேண்டும் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. நூறு ஆண்டு கழித்து, 1967இல், அமெரிக்காவில் அகஸ்டோ சார்மியென்டோ ஒரு முடிவை வெளியிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர்களுக்கு முழங்காலை மடக்க முடிகிற குட்டையான கட்டுப் போட்டு நடக்கவிட்டாலும் எலும்பு நன்றாகச் சேர்கிறது என்றார். கட்டுக்குள் எலும்பு கொஞ்சம் அசைவது எல்லா நேரமும் கெடுதல் இல்லை. மூங்கில் பத்தைக் கட்டு நன்றாக அமைந்த இடங்களில் அதற்கு உதவியதும் இந்த இயல்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மக்கள் கட்டுக்குப் போவதற்குக் காரணம் இயந்திரவியல் இல்லை. செலவு குறைவு, கத்தி வைக்க மாட்டார்கள், அன்றைக்கே வீடு திரும்பலாம் என்பவை ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, அங்கே திரும்பத் திரும்பப் போகிறோம் என்பது. ஒவ்வொரு முறையும் கட்டு பிரிகிறது, கை தொட்டுப் பார்க்கிறது, "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று ஒருவர் கேட்கிறார். வலி குறைந்திருந்தால் அதைச் சொல்ல ஓர் ஆள், குறையாவிட்டால் முறையிட ஓர் ஆள். எலும்பு ஒட்டும் வாரங்களில் இது சின்ன உதவி இல்லை. கவனிப்பும் நம்பிக்கையும் வலியின் அளவையே மாற்றும் என்பது மருத்துவ நூல்களும் ஒப்புக்கொண்ட செய்தி.

அரசு மருத்துவமனைப் பக்கம் வருவோம். முறிந்த நேரத்தில் அது தருவதற்கு ஈடு கிடையாது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் வாழும் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. கம்பி வைக்கிறார்கள், பிளேட் வைக்கிறார்கள், மாவுக்கட்டுப் போடுகிறார்கள். பிறகு? ஐந்து நாளுக்கு மாத்திரை, "ஆறு வாரம் கழிச்சு வாங்க". அந்த ஆறு வாரத்துக்குப் பொறுப்பு யார் என்பது சீட்டில் எழுதியிருக்காது.

வலிக்கு ஒரு போக்கு உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி பயம் போகும். முதல் ஒன்றிரண்டு வாரம் வீக்கத்தால் வரும் குத்தல். உறுப்பை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, மாத்திரையை வலி முற்றியபின் விழுங்காமல் நேரம் பார்த்துச் சாப்பிட்டால் இது அடங்கும். அடுத்த வாரங்களில் எலும்புமுனைகளைச் சுற்றி மென்மையான இணைப்பு உருவாகும்போது வலி மந்தமாகும், அசைத்தால் மட்டும் சுண்டும். எலும்பு சேர மணிக்கட்டுக்கு ஆறு வாரம், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும். கட்டைப் பிரித்தபின் வருவது வேறு வலி: இறுகிப்போன மூட்டும் சூம்பிய தசையும் தருவது. கை செதில் உதிர்ந்து மெலிந்திருக்கும். விரல்கள் முழுசாக மடங்காது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாது. எலும்பு சேரவே இல்லை என்று அந்த நாளில் பலர் கலங்கிப்போகிறார்கள். சிலருக்கு மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு கை மினுமினுவென்று வீங்கி, துணி பட்டாலே எரியும்; அதைச் சீக்கிரம் கண்டு அசைவுப் பயிற்சி தொடங்காவிட்டால் மாதக்கணக்கில் நீடிக்கும். இதில் எதையும் மாவுக்கட்டுப் போட்ட அன்று யாரும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கட்டு வைத்தியர் வந்து உட்கார்கிறார்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். புத்தூர் கட்டு தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881இல், ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் ஒரு கட்டுரை எழுதினார். கட்டு மிக இறுகினால் தசைக்கு ரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே அது செத்து, விரல்கள் கழுகின் நகம்போல் வளைந்து நின்றுவிடும் என்று விளக்கினார். மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறியும் குழந்தைகளுக்கு இது அதிகம் வரும். இதன் முதல் அடையாளம் வலி. முறிவுக்குப் பொருந்தாத, நேரம் ஆக ஆக ஏறும், விரலை நீட்டினால் உயிர் போகும் வலி. அந்த நேரத்தில் மருந்து ஒன்றே: கட்டை உடனே அறுத்துத் தளர்த்துவது, தேவைப்பட்டால் அறுவை. எத்தியோப்பியாவில் நாட்டுக் கட்டுக்குப் பிறகு கை அழுகும் குழந்தைகள் அதிகமாகி, "கட்டுக்காரர் அழுகல்" என்ற பெயரிலேயே மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது.

மாவுக்கட்டிலும் இது நடக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு, வலியை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில். "வலிச்சாத்தான் எலும்பு கூடுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ" என்ற பேச்சு கட்டு வைத்தியத்தில் ஊறிப்போனது. வலியோடு கூட இருந்து ஆறுதல் சொல்லும் அதே வாய், வலி எச்சரிக்கும்போது அதையும் ஆறுதல் சொல்லியே அடக்கிவிடுகிறது. கட்டின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்று நான் சொல்வது இதனால்தான். எண்ணெய் தடவி நீவுவதும் இதில் சேரும். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவில் பச்சிலை வைப்பது சீழுக்கு அழைப்பு. இந்த இரண்டிலும் சமரசத்துக்கே இடமில்லை.

பொறுத்துக்கொள் என்ற சொல் எல்லார் மேலும் ஒரே கனத்தில் விழுவதுமில்லை. கடலை ஆயும் கூலிப் பருவத்தில் மணிக்கட்டு முறிந்த பெண் மூன்றாவது வாரமே அடுப்பு மூட்டுகிறாள், மாடு கறக்கிறாள். வலிக்கிறது என்று சொன்னால் சோம்பல் என்று பேர். ஆணுக்குக் கட்டோடு திண்ணையில் உட்கார உரிமை இருக்கிறது, அவளுக்கு இல்லை. இதை மருத்துவமனையும் கேட்பதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரண்டையை எலும்பொட்டி என்று கிராமம் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பா குழுவினர் விலங்குகளில் சோதித்து, முறிவு ஆற அது உதவுவதாக எழுதினார்கள். துவையலாகச் சாப்பிடலாம், தடையில்லை. ஆனால் ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துக்கொண்டே பீடி இழுப்பவருக்கு எலும்பு தாமதமாகத்தான் சேரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் அப்படியே.

என் முடிவு இது. எலும்பை நேராக்கும் வேலை எக்ஸ்ரேவும் மயக்க மருந்தும் உள்ள இடத்தில் நடக்க வேண்டும். குழந்தை, திறந்த காயம், தொடை, இடுப்பு என்றால் கட்டுப் பக்கம் திரும்பவே கூடாது. அதற்குப் பிறகு வரும் வாரங்களில் கட்டு வைத்தியர் செய்வதை மருத்துவத் துறை செய்யட்டும்: வாரம் ஒருமுறை பார்ப்பது, தொடுவது, கேட்பது. அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. முதியோருக்கும் படுக்கையில் கிடப்போருக்கும் போகும் அந்தச் சேவைப் பட்டியலில், மாவுக்கட்டோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் பெயரும் சேர வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். எந்தக் கட்டாக இருந்தாலும், போட்ட அன்று இரவு இரண்டு மூன்று முறை எழுந்து விரல்களைப் பாருங்கள். வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், சில்லிட்டிருந்தால், மரத்துப்போனதாகச் சொன்னால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.