பாடநூல் தெர்மோஸ்டாட்டும் நாமக்கல் முட்டையும்

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்னும் பாடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன் முடிவில் பெரும்பாலும் ஓர் இஸ்திரிப் பெட்டி வரும். ஈருலோகத் தகடு சூடேறினால் வளையும், மின்சுற்று துண்டிக்கப்படும். ஆறினால் நிமிரும், சுற்று மீண்டும் இணையும். இவ்வாறு தெர்மோஸ்டாட் என்னும் கருவி வெப்பநிலையை மாறாமல் காக்கிறது என்று பாடம் முடியும். எட்டு ஆண்டுகளாக நானும் இதையே கரும்பலகையில் எழுதிவந்தேன்.

இப்பாடத்தில் தவறு இல்லை. ஆனால் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் இராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவர். மரப்பெட்டியில் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் கடையில் வாங்கிய ஒரு தெர்மோஸ்டாட்டையும் பொருத்தி, 60 நாட்டுக்கோழி முட்டைகளை அடைவைத்தார். முதல் ஈடு நன்றாகப் பொரித்தது. நான்காம் ஈட்டில் ஒருநாள் காலை பார்த்தபோது பெட்டிக்குள் 46 டிகிரி. பல்புகள் அணையவே இல்லை. "புத்தகத்தில இருக்கிற மாதிரிதானே சார் செஞ்சேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

முட்டைக்காகப் பிறந்த கருவி

இக்கருவியின் வரலாற்றைப் பாருங்கள். ஹாலந்து நாட்டுக் கொர்னேலிஸ் டிரெபல் (1572–1633) கோழிமுட்டைகளைப் பொரிக்க ஓர் அடுப்பு அமைத்தார். சூடு மிகுந்தால் எரிசாராயம் விரிவடைந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்தும். கோல் அடுப்பின் காற்றோட்டத்தைக் குறைக்கும். தீ தானே தணியும். ஆண்ட்ரூ யூர் என்பவர் 1830இல் ஈருலோகத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றுத் தெர்மோஸ்டாட் என்ற பெயரை வழங்கியதற்கு இரு நூற்றாண்டுகள் முந்திய செய்தி இது. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் இதைச் சொல்லாமல், இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிடுகிறோம்.

உதாரணம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பருத்தித் துணிக்கு ஏறத்தாழ 200 டிகிரி வேண்டும். பத்து டிகிரி ஏறி இறங்கினாலும் துணிக்குக் கேடில்லை. விசிறி வைத்த அடைகாப்பானுக்கு வேண்டியதோ 37.5 முதல் 37.8 டிகிரி வரை. 40 டிகிரியைத் தாண்டிய சூடு நீடித்தால் கரு மடியும். சற்றுக் குளிர்வதைவிடச் சூடு மிகுவதே கொடியது. ஆகவே தெர்மோஸ்டாட் எந்த வெப்பநிலையில் துண்டிக்கும் என்பதோடு, எத்தனை டிகிரி இறங்கியபின் மீண்டும் இணைக்கும் என்பதையும் கேட்க வேண்டும். இந்த இடைவெளியைப் பாடம் பேசுவதே இல்லை.

இடைவெளி குறுகியிருந்தால் மட்டும் போதுமா? போதாது. எந்த வெப்பமூலத்தோடு சேர்கிறது என்பதும் முக்கியம். பல்பு நொடியில் அணையும். கரியடுப்பு அப்படியன்று, காற்றை அடைத்தாலும் கனல் சூடு தந்துகொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் அடுப்புகள் உள்ளன. அவை பற்றிக்கொள்ளவும் தணியவும் பல நிமிடங்கள் ஆகும். எனவே அகன்ற இடைவெளியே அவற்றுக்கு ஏற்றது. பலவற்றில் தெர்மோஸ்டாட் கம்பிகளில் குறைந்த மின்னழுத்தமே உண்டு. அங்கே வீட்டு மின்சாரத்தை இணைத்தால் அடுப்பின் கட்டுப்பாட்டுப் பலகை கருகிவிடும்.

ஒரு சிறு கணக்கு

மாணவரின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருந்தன. அதன்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. 200 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.87 ஆம்பியர்தான்! பின் ஏன் ஒட்டியது? குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, ஒளிரும்போது உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆகவே ஏற்றும் கணத்தில் 9 ஆம்பியர் அளவுக்குப் பாயும். நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றினால் 21 நாட்களில் 30,240 முறை. இத்தகைய சிறு ரிலேக்களின் ஆயுள், முழுச் சுமையில் பொதுவாக ஒரு லட்சம் முறை. நான்காம் ஈட்டில் அது முடிந்ததில் வியப்பென்ன?

இப்போது அவர் பெட்டியில் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்று தொடரிணைப்பில் இருக்கிறது, 38.5 டிகிரியில் துண்டிக்கும். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இது காக்கும். ஆனால் சித்திரை வெயிலில் கொட்டகையே 39 டிகிரி ஆனால் இரண்டும் உதவா. இவை சூட்டை நிறுத்துமே தவிரக் குளிரூட்டா. அதற்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும்.

தகடு ஏன் வளைகிறது என்பதோடு, எந்தத் தகடு எந்தத் தீக்குப் பொருந்தும் என்பதையும் பாடநூல் கேட்க வேண்டும். மேலே கண்ட கணக்கைப் பாட இறுதியில் ஒரு வினாவாகச் சேர்த்தாலே போதும். அதுவரை ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம். நான் இந்த ஆண்டு முதல் கேட்கிறேன்.