கல்லூரிக் கால்பந்து இரசிகர்களின் எள்ளல் மொழி - ஒரு திறனாய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களைக் கூறுமிடத்து எள்ளலை முதற்கண் வைக்கிறார். அதற்கு உரை காணும் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னதையும் எள்ளலின் ஒரு கூறாகக் கொண்டமையே உரையாசிரியரின் நுண்ணிய நோக்கைக் காட்டுகிறது. எள்ளப்பட்டவனும் நகைக்கும் அளவும் எள்ளல் நகையாக நிற்கும். அவன் நகைக்க இயலாத நிலையில் அது வசையாகவோ வன்செயலாகவோ திரிந்துவிடும்.

இலக்கியத்திற்கென அமைந்த இப்பகுப்பு, இலக்கியம் என்று எவரும் எண்ணாத பேச்சு வழக்குகளை ஆராய்வதற்கும் துணை செய்யும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கல்லூரிக் கால்பந்து இரசிகர்கள் தம்முள் நிகழ்த்தும் கேலிப் பேச்சு அத்தகைய வழக்குகளுள் ஒன்று. அங்குக் கால்பந்து எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டம். மிச்சிகன், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்டக்களங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் அமர்ந்து காண இயலும். காண்போருள் பெரும்பாலோர் மாணவரல்லர். முன்னாள் மாணவரும், அக்கல்லூரியில் ஒரு நாளும் பயிலாத ஊராரும் ஆவர். எனவே இது கல்லூரிப் பேச்சு என்பதைவிட ஊர்ப்பேச்சு என்பதே பொருந்தும்.

இப்பேச்சைப் பகைமையின் வடிகால் என்று விளக்குவது பொதுவழக்கு. உள்ளே தேங்கிய சினம் சொல்லாய் வெளியேறிவிடுவதால் கைகலப்பு தவிர்க்கப்படுகிறது என்பர். இவ்விளக்கம் எளிமையானது, ஆனால் போதாதது. ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தாரிடையே சினம் மிகுதியாக இருக்கக்கூடும். நல்ல கேலி பிறப்பதில்லை. கேலி பிறப்பது ஒரே அலுவலகத்தில் பணிபுரிவோரிடையே, ஒரே தெருவில் வாழ்வோரிடையே, பல வேளைகளில் ஒரே வீட்டில் உண்போரிடையே. மானிடவியலறிஞர் இராட்கிளிஃப் பிரௌன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், சில உறவினரிடையே கேலி செய்யும் உரிமையும் அதனைப் பொறுத்துக்கொள்ளும் கடமையும் சேர்ந்தே அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். மாமன் மகனையும் மைத்துனனையும் கேலி பேசும் முறைமையை அறிந்த தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. மணவுறவால் அடுத்து நிற்பவன் முற்றிலும் தன்னவனும் அல்லன், அயலானும் அல்லன். அண்டை மாநிலக் கல்லூரியும் அவ்வாறே.

பெயர் சொல்லாமை

ஒகையோ, மிச்சிகன் ஆகிய மாநிலங்கள் 1835ஆம் ஆண்டில் டொலீடோ என்னும் ஊரைச் சார்ந்த நிலப்பகுதிக்காகப் படை திரட்டும் அளவிற்கு முரண்பட்டன. 1837ஆம் ஆண்டில் மிச்சிகன் தனி மாநிலமானபோது டொலீடோ ஒகையோவிற்கும், வடபால் தீபகற்பம் மிச்சிகனுக்கும் உரியவாயின. இரு பல்கலைக்கழகங்களும் 1897ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கால்பந்து ஆடின. ஒகையோ இரசிகர் எதிரணியின் பெயரைச் சொல்வதில்லை. 'வடக்கே உள்ள அந்த அணி' என்று மட்டும் சுட்டுவர். 1951 முதல் 1978 வரை ஒகையோ அணியின் பயிற்றுநராக இருந்த உட்டி ஹேய்ஸ் இவ்வழக்கிற்குப் பெரிதும் காரணமானவர். ஆட்டம் நடைபெறும் வாரத்தில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்து வருமிடமெல்லாம் செந்நிறக் குறுக்குக்கோடிட்டு மறைப்பதும் உண்டு.

பெயரை மறைத்தல் இகழ்ச்சி போலத் தோன்றினும் அதன் பயன் வேறு. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லாத பண்டைய பெண்டிர் அவரை இகழ்ந்தவரல்லர். சொல்லாத பெயர் சொல்லிய பெயரினும் மிகுதியாக நினைவில் நிற்கும். எழுத்தை அடிக்கும் கோடு அவ்வெழுத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறது. ஒரு வாரம் முழுவதும் ஒகையோவின் வளாகத்தில் மிகுதியாகப் பேசப்படும் சொல், எவரும் வாய்விட்டுக் கூறாத அச்சொல்லே.

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் பெயருக்கு முன் வரும் ஆங்கிலச் சுட்டுச்சொல்லை அழுத்தி உச்சரிப்பதைப் பெருமையாகக் கொண்டுள்ளது. 2022ஆம் ஆண்டில் அச்சொல்லை ஆடைகளுக்குரிய வணிகக் குறியாகவும் பதிவுசெய்துகொண்டது. எதிரணி இரசிகர்க்கு இதனினும் சிறந்த கொடை வேறில்லை. கேலி செய்வோர் எதனையும் புனையவேண்டிய தேவையில்லை. செய்தியை உள்ளவாறு கூறினாலே போதும்.

மாட்டுக் கல்லூரி

இவ்வழக்கின் சொற்களஞ்சியத்தில் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது வேளாண்மை பற்றிய ஏளனம். 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. பல மாநிலங்களில் இரு கல்வி மரபுகள் அருகருகே வளர்ந்தன. சட்டமும் மருத்துவமும் செம்மொழிகளும் பயின்றோர் ஒருபுறம். மண்ணையும் மாட்டையும் எந்திரத்தையும் பற்றிப் பயின்றோர் மறுபுறம். அலபாமா பல்கலைக்கழகம் 1831ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்றைய ஆபர்ன் பல்கலைக்கழகம் 1872ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் வேளாண், பொறியியல் கல்லூரியாயிற்று. அலபாமா இரசிகர் ஆபர்னை இன்றும் 'மாட்டுக் கல்லூரி' என்பர். டெக்சாசிலும் இதே நிலை. 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வேளாண், பொறியியல் கல்லூரியின் மாணவர் 'ஆகீஸ்' எனப்படுவர். உழவுக் கல்லூரியார் என்பது அதன் பொருள். அவர்தம் அறியாமையைப் பற்றிய துணுக்குகள் அம்மாநிலத்தில் மிகப் பல. அவர்களோ டெக்சாஸ் பல்கலைக்கழகத்தாரைத் 'தேநீர் உறிஞ்சுவோர்' என்று திருப்பியழைப்பர். உழைப்பறியாத மென்மக்கள் என்பது குறிப்பு.

இவ்விடத்தில் இராட்கிளிஃப் பிரௌனின் கருத்து ஒரு திருத்தம் வேண்டி நிற்கிறது. இருதரப்பாரும் ஒத்த உரிமையுடன் கேலி செய்கின்றனர் என்பது மேற்பார்வைக்கே உண்மை. 'மாடு' என்னும் சொல்லும் 'தேநீர்' என்னும் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. முன்னது மேலிருந்து கீழ்நோக்கி வருவது. பின்னது கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. வகுப்பு வேற்றுமை கேலிக்குள் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் உயிர்வாழ்ந்துள்ளது. அவ்வேற்றுமையின் கூர்மையை மழுக்கியது எள்ளப்பட்டோர் மேற்கொண்ட உத்தியே எனலாம். இழிபெயரையே தம் பெயராக ஏற்று அதனைக் கொடியில் எழுதிக்கொண்டனர். தம்மைப் பற்றிய துணுக்குகளைத் தாமே கூறத் தலைப்பட்டனர். பேராசிரியர் சுட்டும் இரண்டாம்வகை எள்ளல் இதுவே.

2007ஆம் ஆண்டில் மிச்சிகன் அணி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணியை 28-24 என வென்றபின், வென்ற அணியின் வீரர் மைக் ஹார்ட் தோற்றவரைத் தம்பியோடு ஒப்பிட்டுப் பேசினார். விளையாட்டில் தம்பிக்குச் சற்றே விட்டுக்கொடுத்துப் பின் பிடுங்கிக்கொள்வது போன்றது அவ்வெற்றி என்பது கருத்து. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் 1855ஆம் ஆண்டில் வேளாண் கல்லூரியாகத் தொடங்கியதே. 2008 முதல் 2011 வரை நான்கு ஆண்டுகளும் 'தம்பி'யே வென்றான். சொல்லுக்கு விடை சொல்லாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

எதிராளியின் கையால் எழுதுதல்

எள்ளலின் உச்சநிலை, எள்ளப்படுவோனையே அதற்குக் கருவியாக்குதல். 1961ஆம் ஆண்டு சனவரி இரண்டாம் நாள் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழக இரசிகர் வண்ண அட்டைகளை உயர்த்தி உருவங்கள் காட்ட ஏற்பாடு செய்திருந்தனர். அட்டை உயர்த்தும் முறையைக் கூறும் குறிப்புத்தாள்களைக் கால்டெக் மாணவர் சிலர் மறைவில் மாற்றிவிட்டனர். வாஷிங்டனின் நாய்ச்சின்னம் கால்டெக்கின் பீவராயிற்று; அணியின் பெயர் தலைகீழாகத் தோன்றியது; இறுதியில் ஆட்டத்தில் இடம்பெறாத கால்டெக்கின் பெயர் தொலைக்காட்சியில் நாடெங்கும் தெரிந்தது. 2004ஆம் ஆண்டில் யேல் மாணவர் ஹார்வர்டு மாணவராக வேடமிட்டு ஹார்வர்டு இரசிகரிடம் அட்டைகளை வழங்கினர். அவற்றை உயர்த்தியபோது 'நாங்கள் மட்டம்' என்னும் பொருளுடைய தொடர் உருவாயிற்று. தாம் எதை உயர்த்திப் பிடிக்கிறோம் என்பதை உயர்த்தியவர்கள் காண இயலாது. எதிரில் இருந்தோரே காண்பர்.

நகைத்துணுக்குப் பற்றி 1905ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிராய்டு, பகைமைசார் துணுக்கிற்குக் கூறுவோன், குறிக்கப்படுவோன், கேட்போன் என மூவர் தேவை என்றார். இங்கோ குறிக்கப்படுவோனும் கேட்போனும் ஒருவனே. அவன் கேட்கவேண்டும், கேட்டு, நாணி, அடுத்த ஆண்டிற்கு விடை தேடவேண்டும். விடைக்கு இடம் வைக்காத கேலி இவ்வழக்கில் தாழ்ந்ததாகவே மதிக்கப்பெறும்.

பன்றியும் மரமும்

1934ஆம் ஆண்டில் மினசோட்டா அணியுடன் ஆடிய ஐயோவா அணியின் கறுப்பின வீரர் ஓசி சிம்மன்ஸ் கடுமையாகத் தாக்குண்டு களத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆட்டம் ஐயோவாவில். அத்தகைய முரட்டு ஆட்டத்தைக் கூட்டத்தார் பொறுக்கமாட்டார் என்று ஐயோவா ஆளுநர் கிளைடு ஹெரிங் எச்சரித்தார். கலவரம் மூளும் சூழலில் மினசோட்டா ஆளுநர் பிளாய்டு ஓல்சன், வெல்லும் மாநிலத்திற்குத் தோற்ற மாநிலம் ஒரு பன்றியைத் தரவேண்டும் எனத் தந்திவழிப் பந்தயம் கூறினார். ஆட்டம் அமைதியாக முடிந்தது. மினசோட்டா 13-6 என வென்றது. ஹெரிங் உயிருள்ள பன்றியை ஓல்சனின் அலுவலகத்திற்கே கொண்டுசென்றார். அதன் வெண்கல உருவம் இன்றும் அவ்விரு அணிகளுக்குரிய வெற்றிப் பரிசாக உள்ளது. அப்பந்தயம் அமைதியைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிறவெறித் தாக்குதல் என்னும் வினா பன்றியின் பின்னே மறைந்துவிட்டது என்பதையும் கூறத்தான் வேண்டும். கோப்பையைப் பற்றிப் பேசும் அளவிற்குச் சிம்மன்ஸைப் பற்றி இரசிகர் பேசுவதில்லை.

அலபாமா-ஆபர்ன் ஆட்டம் 1907ஆம் ஆண்டிற்குப்பின் நாற்பதாண்டுகள் நின்றுபோயிருந்தது. 1948இல் மீண்டும் தொடங்கியபோது இரு கல்லூரி மாணவர் தலைவர்களும் பர்மிங்காம் பூங்காவில் ஒரு கோடரியைப் புதைத்தனர். பகையொழித்தலுக்கு அது அந்நாட்டு வழக்கு. ஆபர்ன் அணி வெல்லும்போது இரசிகர் டூமர் முனையிலிருந்த பழைய ஓக் மரங்களின்மீது தாள்சுருள்களை எறிந்து மகிழ்வர். 2010ஆம் ஆண்டு ஆட்டத்தில் அலபாமா 24-0 என முன்னின்றும் ஆபர்ன் 28-27 என வென்றது. 2011 சனவரியில் வானொலி நிகழ்ச்சியொன்றிற்குத் தொலைபேசியில் பேசிய அலபாமா இரசிகர் ஒருவர், அம்மரங்களுக்கு நஞ்சிட்டதாகப் பெருமை பேசினார். அது உண்மையாயிற்று. அவர் 2013ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். மரங்களைக் காக்க இயலாமல் அவ்வாண்டு ஏப்ரலில் அகற்றினர்.

வடிகால் கொள்கை இங்கே தோற்றுவிடுகிறது. அந்த இரசிகர் சொல்லுக்கு வழியின்றிச் செயலில் இறங்கியவரல்லர். செயலை முடித்துவிட்டே பேச வந்தவர். தம் செயலும் கேலிவகையுள் அடங்கும் என்று அவர் கருதியதாகத் தோன்றுகிறது. ஆனால் மரம் விடை கூறாது. அடுத்த ஆண்டு அதற்கில்லை. அச்செயலை முதலில் மறுத்தவருள் அலபாமா இரசிகர் பலர் இருந்தனர். மரங்களைக் காக்க அவர்களே நிதியும் திரட்டினர். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சூறாவளி அலபாமா பல்கலைக்கழகம் அமைந்த டஸ்கலூசாவைத் தாக்கியபோது, ஆபர்ன் இரசிகர் அம்மரங்கள் நின்ற முனையின் பெயரால் உதவிக்குழு அமைத்து உணவும் பொருளும் அனுப்பினர். கேலி பேசப் பழகிய வாய்களுக்கு ஒருவர் ஊர் மற்றவர்க்கு முன்பே தெரிந்திருந்தது.

அண்டையார் நீங்கியபின்

இவ்வழக்கிற்கு இன்று நேர்ந்துள்ள இடர் வன்செயலன்று, பிரிவு. தொலைக்காட்சி வருவாயை முன்னிட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் கூட்டமைப்புகளை மாற்றிக்கொள்வதால் அண்டை அணிகள் ஒன்றோடொன்று ஆடாமல் போகின்றன. ஓக்லகோமாவின் இரு பல்கலைக்கழகங்களிடையே ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் 2023ஆம் ஆண்டோடு நின்றது. பசிபிக் கரையிலுள்ள அணிகள் 2024 முதல் நாட்டின் மறுகரையிலுள்ள அணிகளோடு ஆடுகின்றன. அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வதற்கு இன்னும் ஏதுமில்லை. புள்ளிக்கணக்கு மட்டுமே உண்டு.

டெக்சாஸ் ஆகீஸ் 2011ஆம் ஆண்டிற்குப்பின் பதின்மூன்று ஆண்டுகள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடவில்லை. அவர்களின் போர்ப்பாட்டு, முதல் உலகப்போரின் இறுதியில் ரைன் ஆற்றங்கரையில் காவல் புரிந்த முன்னாள் மாணவர் ஒருவரால் எழுதப்பெற்றது. அது முற்றிலும் எதிரணியை விளித்து அதன் கொம்பை அறுப்பதாகக் கூறுவது. அப்பதின்மூன்று ஆண்டுகளும் எதிரே வேறு அணிகள் நிற்க, அங்கில்லாத டெக்சாசை விளித்தே அப்பாட்டைப் பாடினர். எதிரணி இரசிகர் அதனை ஆகீஸின் பேதைமைக்குச் சான்றாகக் கொண்டு நகைத்தனர். 2024 நவம்பர் 30ஆம் நாள் டெக்சாஸ் அணி ஆகீஸின் ஊருக்கு மீண்டும் வந்து 17-7 என வென்றது. பாட்டிற்குரியோர் அன்று நேரில் இருந்து அதனைக் கேட்டனர்.