பரிசும் பால்மரமும்: பீற்றர் பவர் பற்றிய ஒரு மதிப்பீடு

தடையற்ற சந்தைக் கொள்கையை வளர்த்தமைக்காகப் பொருளியலாளர் ஒருவர் கௌரவிக்கப்படும்போது, எதனை ஆராய்ந்து அவர் அம்முடிவுக்கு வந்தார் என வினவுவது பொருத்தமாகும். மில்ரன் பிறீட்மனின் பெயரால் அமெரிக்காவின் கேற்றோ நிறுவனம் ஏற்படுத்திய ஐந்து இலட்சம் டொலர் பரிசு 2002இல் முதன்முதலாகப் பீற்றர் பவருக்கு அறிவிக்கப்பட்டது. விழாவுக்குச் சில நாள்களின் முன் அவர் காலமானார். 1983இல் அவர் பெற்ற பிரபுப் பட்டத்தில் கேம்பிரிட்ஜ் நகரின் ‘சந்தை வட்டாரம்’ இடம்பெற்றமை தற்செயலாயினும் பொருத்தமானதே.

அவரது முதற் பெருநூல் 1948இல் வெளிவந்த இறப்பர்த் தொழில் பற்றிய ஆய்வாகும். மலாயாவின் சிறுதோட்டக்காரர் விலை மாற்றங்களுக்கேற்பவே தமது உற்பத்தியை வகுத்துக்கொண்டனர் என்பதையும், 1934ஆம் ஆண்டின் சர்வதேச இறப்பர்க் கட்டுப்பாடு அவர்களைப் பாதித்துப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு அனுகூலமாய் இயங்கியது என்பதையும் பவர் எடுத்துக்காட்டினார். குடியானவன் கணக்கறியாதவன் என்னும் காலனித்துவ ஏளனத்துக்கு இது தக்க மறுப்பாகும். இதனை ஏற்பதற்கு மார்க்சியவாதிகளாகிய நாம் தயங்கவேண்டியதில்லை. பவரை வெறும் ஏகாதிபத்தியப் பிரசாரகராக ஒதுக்கிவிடுவது இலகு, அது ஆய்வாகாது.

ஆயின், சிறுதோட்டக்காரனிடமிருந்து மலாயா முழுவதற்கும் அவர் தாவுமிடத்திலேயே சிக்கல் தோன்றுகிறது. 1981ஆம் ஆண்டுத் தொகுதியொன்றில் மேற்குலகின் குற்றவுணர்வு பற்றி எழுதுகையில், 1890களில் குடிசனம் குறைந்த சிற்றூர்களாயிருந்த மலாயா, 1930களில் இறப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் உலக மையமாயிற்று என்றும், மலாயரும் சீனரும் இந்தியரும் முன்னரிலும் நன்றாக வாழ்ந்தனர் என்றும் கூறுகிறார். இலக்கிய மாணவர் இக்கூற்றின் இலக்கணத்தை அவதானித்தல் வேண்டும். நாடு மையம் ‘ஆயிற்று’. ஆக்கிய வினைமுதலைக் காணோம். காடழித்தவரும் பால் வெட்டியவரும், அவர்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேற்றிய கங்காணி முறையும் வாக்கியத்துக்குப் புறத்தே நிற்கின்றனர். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலுக்குப் பொருளானோர் இவர்களே.

விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் இத்தொழிலாளருட் பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை இறங்கினால் சிறுதோட்டக்காரன் பால் வெட்டுவதை நிறுத்தி வைக்கலாம். தோட்டத் தொழிலாளியிடமோ விற்பதற்கு உழைப்புச் சக்தியன்றி வேறொன்றுமில்லை. சந்தையில் இருவரும் ஒரே தன்மையினராய் நிற்கின்றனர் எனக் கொள்வது கருத்துநிலை சார்ந்த தோற்றமே.

மனிதரின் தெரிவெல்லை விரிவதே வளர்ச்சியின் அளவுகோல் என 1957இல் எழுதியவரும் பவரே. அவ்வளவுகோலை நாமும் ஏற்கலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியுயர்வுடன் இன்னொன்றையும் கோரினர்: துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். இறங்குவதா, இல்லையா என்பதும் ஒரு தெரிவுதான். படையினர் அழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.